பத்தடிக்கு மேலே

நவம்பர் 3, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே நாற்காலி நாற்காலியாகப் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டிருக்கிறேன். மகள் ஷாரோனுடைய யூனிஃபார்ம் மட்டும் காய்ந்தால் போதும். மற்றது எப்போது காய்ந்தால் என்ன.

இந்த நோட்டை ஆபீஸ் வேலைகளைக் குறித்துவைக்கத்தான் எடுத்தேன். இன்று குறிக்க ஒன்று இருக்கிறது, எப்படிக் குறிப்பது என்று தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மாடியில் இரண்டு அறை. அதுதான் எங்கள் கம்பெனி. முதலாளி சங்கரசுப்பு சார், புரோகிராம் எழுத நான், வெளியூர் போய்ப் பெட்டி மாட்டிவர இரண்டு பேர். பெட்டியின் வேலை எளிது. குளத்து மடையோரம் ஒரு சென்சார் தண்ணீர் எத்தனை அடி என்று அளந்து பெட்டிக்குச் சொல்லும். எல்லையைத் தாண்டினால் தாழ்ந்த தெருக்காரர்களின் செல்போனுக்குப் பெட்டியே 'அபாயம், மேட்டுக்குப் போங்கள்' என்று செய்தி அனுப்பும். எல்லைக்குக் கீழே வந்துவிட்டால் 'நீர் இறங்கிவிட்டது, வீடு திரும்பலாம்' என்று இன்னொரு செய்தி. இந்த இரண்டாவது செய்தி சாருடைய யோசனை. ஊர்க்காரர்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. இதுவரை பதினொரு குளத்தில் மாட்டியிருக்கிறோம்.

புதிதாக ஒரு ஆழமான குளத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். அதற்காக இன்று லேப்டாப்பில் நானே அளவுகளைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். எல்லை 9.5. 9.6 கொடுத்தேன். அபாயம் என்றது. 9.9 கொடுத்தேன். அபாயம். 14.2 கொடுத்தேன். சீர் என்றது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். சீர். பதினொன்று. சீர். பத்து. சீர்.

மணி ஐந்தாகிவிட்டது. ஷாரோனை டியூஷனிலிருந்து கூப்பிட வேண்டும். லேப்டாப்பை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை பத்தரைக்கே காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம் சாயங்காலம் வரை, தெரியாத மாதிரி வேறு வேலை பார்த்தேன்.

வீட்டுக்காரர் செல்வின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்னோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். "என்ன எப்சி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றார். சொன்னேன். அவர் தமிழ் வாத்தியார், கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"சென்சார்ல இருந்து வர்ற அளவு எண்ணா வரணும். ஆனா எழுத்தா வருது. எல்லை அளவையும் புரோகிராம் எழுத்தாத்தான் எடுத்து வச்சிருக்கு. ரெண்டும் எழுத்தா இருந்தா, எது பெருசுன்னு அது கணக்குப் பாக்காது. அகராதி வரிசை பாக்கும்."

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "அகராதியில முதல் எழுத்துதான் முக்கியம். ஒன்பதுக்கு முன்னால ஒண்ணு வந்துடும்."

"ஆமா. பத்துல முதல் எழுத்து ஒண்ணு. அதனால ஒன்பதரையை விடப் பத்து சின்னதுன்னு அது நினைக்கும்."

"ஒன்பது அடி வரைக்கும் சரியாச் சொல்லும். பத்து ஆனா..."

"தண்ணி இறங்கிட்டுன்னு சொல்லும்."

அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "உள்ள வர்றது எண்ணா எழுத்தான்னு வாசல்லயே பாக்க மாட்டீங்களா?"

பார்ப்போம். எனக்கு முன்னால் இருந்த ரஹ்மத் அண்ணன் அதற்கென்றே இரண்டு வரி எழுதியிருந்தார். அளவைச் சோதிக்கிற அந்த ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான். வந்தது எண் இல்லையென்றால் அங்கேயே நின்று, ஆபீசுக்குத் தகவல் அனுப்பிக் கூப்பாடு போடும். அந்த இரண்டு வரி இப்போது வேலை செய்யவில்லை.

"யாரு எடுத்தா?" என்றார் செல்வின்.

"தெரியல" என்றேன். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனேன்.

நவம்பர் 5, புதன்

பதினொரு குளத்தையும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். பத்துக் குளம் நிரம்பினாலே ஏழு எட்டு அடிதான். அவை பத்தைத் தொடவே தொடாது. பத்தைத் தாண்டக்கூடியது ஒன்றே ஒன்று, வெள்ளிமடைக்குளம். முழுக் கொள்ளளவு பதினொரு அடி, அபாய எல்லை 9.5. கரைக்குக் கீழே கீழத்தெரு, நூற்று நாற்பது வீடு. கரை தாழ்ந்திருக்கும் இடம் வழியாக, பத்தரை தாண்டினாலே தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். இன்றைக்கு 7.4. ஊர்க்காரர்கள் கணக்குப்படி இந்த மூன்று வருஷத்தில் ஒன்பதைத் தொட்டதில்லை.

தொட்டதில்லை என்பதை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்.

சரிசெய்ய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. எழுத்தாக வருவதை எண்ணாக மாற்றி, ரஹ்மத் அண்ணனுடைய இரண்டு வரியையும் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டேன். 14.2 கொடுத்தால் அபாயம் என்கிறது. 'அஆஇ' என்று கொடுத்தால் நின்று கூப்பாடு போடுகிறது. ஆனால் இது என் லேப்டாப்பில். குளத்துப் பெட்டியில் ஏற்ற வேண்டுமானால் நேரில் போய் வயர் மாட்டித்தான் ஏற்ற முடியும். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்.

சாரிடம் போய், "வெள்ளிமடைக்குளம் பெட்டியில ஒரு சின்ன மாத்தம் பண்ணணும் சார், வண்டி வேணும்" என்றேன்.

"பெட்டி ஓடுதுல்லா?"

"ஓடுது."

"ஓடுறதைப் போய் ஏம்மா தொடணும்? இருபதாம் தேதி பெரிய மீட்டிங் இருக்கு. அறுபது குளம் கேக்கப்போறாவ. அது முடியட்டும்."

என்ன மாற்றம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ரஹ்மத் அண்ணன் ஓசூரில் வேறு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. மதியம் போன் செய்தேன். எதற்குச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குழந்தைகள், மழை, பிரியாணி என்று பேசிவிட்டு அவராகவே கேட்டார். "ஆகஸ்ட்ல புது சென்சார் மாத்தினீங்கள்லா, அது என்ன மாதிரி அளவு அனுப்புதுன்னு பாத்துக்கோம்மா. அந்த ரெண்டு வரி இருக்குல்லா?"

"இருக்குண்ணே" என்றேன்.

"அது இருந்தா நிம்மதி."

இன்றைக்கு 7.9.

நவம்பர் 8, சனி

யாரிடமும் சொல்லாமல் நாளை நானே பஸ்ஸில் போய் ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பெட்டிச் சாவி ஆபீஸ் மேஜையில்தான் கிடக்கும். பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஷாரோனுக்கு உடம்பு சுட்டது. நூற்றிரண்டு. ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

போகவில்லை.

நவம்பர் 10, திங்கள்

8.6. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வாம். ஷாரோனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரசம் சோறு கேட்டாள்.

பேச்சிமுத்து அண்ணாச்சி போன் செய்தார். வெள்ளிமடைக்குளம் பாசனச் சங்கத்துச் செயலாளர். பெட்டி மாட்டின அன்று எங்களுக்கெல்லாம் பதநீர் வாங்கிக் கொடுத்தவர். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"என்ன தாயி, நல்லா இருக்கீயளா? குளம் பெருகிக்கிட்டு வருது. ஒங்க பெட்டி மணிக்கு மணி அளவு சொல்லுது பாத்தீயளா, எங்க ஆளுவளுக்கு அதிசயமா இருக்கு. போன வருசம் வரைக்கும் ராப்பகலா நாலு நாலு பேரு கரையில காவல் கெடப்போம். கொசுக்கடி, பாம்பு. இந்த வருசம் காவலை எடுத்தாச்சு. அதான் பெட்டி இருக்கே!"



"அண்ணாச்சி, காவலையும் வச்சுக்கிடுங்க."

"ஏன்?"

"சும்மாதான். ஒரு பாதுகாப்புக்கு."

அவர் சிரித்தார். "நீங்க செஞ்ச பெட்டி மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நவம்பர் 12, புதன்

9.0.

புரோகிராமில் யார் எந்த வரியை எப்போது மாற்றினாலும் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகும். இன்று அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தேன். ஆகஸ்ட் 19, மாலை 6.40.

அன்றைக்குப் புது சென்சார் வந்திருந்தது, ஆபீஸ் டிரம் தண்ணீரில் இறக்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளிமடைக்குளத்தில் பெட்டி மாட்டுவதாகப் பேச்சு. ஒவ்வொரு அளவு வரும்போதும் அந்த இரண்டு வரி மறித்து மறித்து நிறுத்தியது. எண் இல்லை, எண் இல்லை என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. அன்று ஷாரோனின் பள்ளி ஆண்டு விழா. அவள் பட்டாம்பூச்சி வேஷம் போட்டிருந்தாள். ஏழு மணிக்கு அவள் மேடையேற வேண்டும். இரண்டு வரிக்கும் முன்னால் ஒரு குறி போட்டால் போதும், புரோகிராம் அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். 'பிறகு பார்க்க' என்று பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. சிவப்பு மறைந்தது. அளவுகள் வரிசையாக ஓடின. 3.1, 3.1, 3.2. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சரியாக இல்லை என்பதைத்தான் அந்த வரிகள் கத்திக் கத்திச் சொல்லியிருக்கின்றன.

பட்டாம்பூச்சி நடனத்தை நான் பார்த்தேன். நேரத்துக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

9.2. காலையில் போனதும் சாருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டேன். லேப்டாப்பில் பத்து என்று அடித்துக் காட்டினேன். 'நீர் இறங்கிவிட்டது, வீடு திரும்பலாம்.' அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனி வியர்த்துவிட்டது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்கு."

"சரி. எழுத்துல ஒண்ணும் அனுப்பாத. ஊர்க்காரன்ட்ட மூச்சு விடாத. பயந்துட்டான்னா பதினொரு குளத்துப் பெட்டியையும் பிடுங்கி எறிஞ்சிருவான். பையன்மார் ரெண்டு பேரும் சாயங்காலம் வரவும் நாளைக்கு விடியக்காலமே வண்டியைக் கிளப்பிவிடுதேன். நீ புரோகிராமை மட்டும் குடுத்து விடு."

ஏற்பாடு ஆகிவிட்டதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வண்டி காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. எட்டரைக்குப் போன் வந்தது. வழியில் தரைப்பாலத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர். சுற்றிப் போனால் நாற்பது கிலோமீட்டர் கூட. "சுத்தியே போங்க" என்றார் சார்.

11.10க்கு அளவு 9.6. அபாயச் செய்தி போனது. ஆபீசில் இருக்கும் திரையில் பெயர் பெயராக ஏறியது. செய்தி ஒவ்வொன்றாகத்தான் போகும், வீட்டு எண் வரிசையில். நூற்று நாற்பதும் போய் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. கீழத்தெரு மொத்தமும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாக யாரோ போன் செய்தார்கள். சார் மேஜையைத் தட்டினார். "பாத்தியா! வேலை செய்யுது பாத்தியா!"

12.40க்கு 9.8.

வண்டி எங்கே என்று கேட்டேன். இன்னும் பாதி வழி. ஒரு புளியமரம் விழுந்து கிடக்கிறதாம்.

12.55க்கு 9.9.

"சார், அண்ணாச்சிட்ட சொல்லிருவோம்."

"பொறு. மழை விட்ட மாதிரி இருக்கு. பத்துக்குப் போவாது."

ஜன்னலுக்கு வெளியே மழை விடவில்லை. என் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். "எப்சிபா!" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. பேக்கரி வாசலில், பன் வாங்க நின்றவர்களுக்கு நடுவில் நின்று போன் செய்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகள் அழுகிற சத்தம்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல வீடு திரும்பலாம்னு ஒரு மெசேஜ் வரும். யாரையும் நம்ப விடாதீங்க. அது பொய்."

"கேக்கல தாயி, சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். பேக்கரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு அனுப்புதா?"

"பெட்டிதான் அனுப்பும். தண்ணி பத்தடி ஆனா அதுக்குத் தப்பாத் தெரியும். நான் செஞ்ச தப்பு அண்ணாச்சி. பெட்டிக்கு அடியில சிவப்பு வயர் இருக்கு, அதைப் பிடுங்கிருங்க. அப்புறம் கரைக்கு ஆளைப் போடுங்க."



"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

இதுவரை என்னை அவர் ஒருமையில் பேசினதில்லை.

"பத்து நாளா."

"பத்து நாளா" என்றார். போன் நின்றுவிட்டது.

மாடிக்கு ஓடினேன். சார் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். 1.22க்கு 10.0. அபாயம் என்ற சிவப்பு போய்ச் சீர் என்று பச்சை வந்தது. திரும்பலாம் என்ற செய்தி கிளம்பியது. பட்டியலில் முதல் பெயர் ஏறியது. சிக்னல் மோசமாக இருந்ததால் இரண்டாவது பெயர் ஏறாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. 1.25க்குப் பெட்டி செத்துவிட்டது. வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஐந்து நிமிஷத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. கரையில் ஓடியிருக்கிறார். "பிடுங்கிட்டேன். ஒண்ணும் போகலைல்லா?"

சார் போனை என் கையிலிருந்து வாங்கினார். "ஒண்ணும் போகலை அண்ணாச்சி. சரியான நேரத்துல செஞ்சிட்டீங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். திரையில் பச்சையாக எழுதியிருந்தது. அனுப்பப்பட்டது: 1. ஆறுமுகக்கனி.

நவம்பர் 15, சனி

நேற்று மூன்றரைக்குக் கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏழு வீடு சுவர் இடிந்துவிட்டது. ஆட்கள் எல்லோரும் மேட்டில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

ஒரு பெண்ணுக்கு மட்டும் காலில் பலத்த அடியாம். பசுவை அவிழ்த்துவிடத் தனியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். தொழுவத்துச் சுவர் மேலே விழுந்துவிட்டது. பரிசல் கட்டிப் போய்த் தூக்கி வந்தார்களாம். இங்கே டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

பெயரை நான் கேட்கவில்லை. செல்வின் கேட்டுச் சொன்னார்.

நவம்பர் 17, திங்கள்

சார் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு வாசித்துக் காட்டினார். 'எச்சரிக்கை நூற்று நாற்பது பேருக்கும் உரிய நேரத்தில் சென்றது. ஒருவர் அறிவுறுத்தலை மீறி வெளியேறியதால் காயமடைந்தார்.'

"மீறலையே சார்."

"அந்தம்மா போன் தண்ணியோட போயிட்டு. அந்த ஒரு மெசேஜ் போனதுக்கு நம்ம பதிவைத் தவிர வேற சாட்சி கிடையாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா. இந்தப் பெட்டி இல்லைன்னா அந்த நூத்து நாப்பது வீட்டுக்காரனும் உள்ள இருந்திருப்பான். அறுபது குளத்துக்குப் போவப்போவுது. எத்தனை உசுரு, நினைச்சுப் பாரு. பதிவு பழசாயிட்டா தானா அழிஞ்சிரும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது எனக்கு நன்றாக வருகிறது. பத்து நாள் பழகியிருக்கிறேன்.

செய்திகள் போனதற்கான பதிவு முப்பது நாள்தான் இருக்கும். ஒரு பிரதி அச்செடுத்து ஷாரோனுடைய ஓவிய நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சரிசெய்த புரோகிராமைப் பையன்மார் எல்லாப் பெட்டியிலும் ஏற்றிவிட்டார்கள். பால் திரிந்துவிட்டது. ஷாரோனுக்குக் கடையிலிருந்து இட்லி.

நவம்பர் 20, வியாழன்

மீட்டிங் நன்றாக நடந்ததாம். சார் எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார். ஒரு துண்டு எனக்கும். சாப்பிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

அண்ணாச்சி கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம். பெட்டிக்காரங்களுக்குச் சால்வை போடணும்னு ஆளுவ சொல்லுதாவ. நீ பத்து நாள் வாயைத் தொறக்காம இருந்ததை நான் யாருட்டயும் சொல்லல. கடைசியிலயாவது சொன்னியேன்னு வுட்டுட்டேன். ஆனா ஒனக்குச் சால்வை போட என் கை வராது, அதையும் சொல்லிட்டேன். வேற யாரையாவது போடச் சொல்லுதேன்."

"எனக்குச் சால்வை வேண்டாம் அண்ணாச்சி."

"வா, வராம இரு, ஒம் பாடு." வைக்கப்போனவர் மறுபடி பேசினார். "அந்த ஆறுமுகக்கனிதான் பாவம். சொன்ன சொல்லுக் கேக்காம போயிக் காலைப் போக்கிட்டா. மெசேஜ் வந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில கெடந்து சாதிக்காளாம். எங்க ஒருத்தருக்கும் வரலையே, ஒனக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேட்டா முழிக்கா. மாடுதான் பெருசுன்னு போயிருப்பா. ஊரே சிரிக்கு."

வாய்வரை வந்தது. "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன்.

செல்வின் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஷாரோனுடைய ஓவிய நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 22, சனி

காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. பெண்கள் எலும்பு வார்டு, ஜன்னலோரம் மூன்றாவது கட்டில். வயது ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். வலது கால் முட்டிவரை மாவுக்கட்டு, கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தது. நான் வாங்கிப்போன ஆரஞ்சை ஸ்டூலில் வைத்தேன்.

"நீ யாரு மக்கா?"

"பெட்டி செய்யிற கம்பெனியில இருந்து வாரேன்."

உடனே எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நீயே சொல்லு. நான் ஒங்க பெட்டியைக் குத்தம் சொல்லல. தப்பு எம்மேலதான். நான் படிக்கல. அறிவொளியில ரெண்டு மாசம் போனேன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மொதல்ல வந்ததையும் கூட்டித்தான் வாசிச்சேன், போங்கன்னு இருந்துச்சு, போனோம். ரெண்டாவது வந்ததுல திரும்பலாம்னு இருக்க மாதிரி பட்டுது. பசு கட்டுத்தறியில கெடந்து கதறுமேன்னு ஓடிட்டேன். இனிமே பயமில்லைன்னு அங்கனயே இருந்துட்டேன். யாருக்கும் அப்படி வரலைங்காவ. அப்ப நான்தான் மொத வந்ததையே மறுபடியும் தப்பா வாசிச்சிருக்கேன்." குரல் இறங்கியது. "மவன் திருப்பூர்ல இருந்து வேலையைப் போட்டுட்டு வந்து நிக்கான். படிக்கத் தெரியாத முண்டத்துக்குச் செல்போன் எதுக்குன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டான். கேக்கட்டும். நெசந்தானே."

வழியெல்லாம் யோசித்துக் கொண்டுபோன வார்த்தைகள் எல்லாம் அதில் போய்விட்டன.

"நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வீடு திரும்பலாம்னுதான் வந்தது. உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்தது. உங்க பேரு பட்டியல்ல முதல்ல இருக்கு. அடுத்த பேருக்குப் போறதுக்குள்ள அண்ணாச்சி வயரைப் பிடுங்கிட்டாரு. பெட்டி அப்படித் தப்பா அனுப்பினதுக்குக் காரணம் நான். உள்ள வர்றது சரியான்னு பாக்கிற ரெண்டு வரியை நான்தான் எடுத்தேன். எடுத்தது தப்புன்னு தெரிஞ்சும் பத்து நாள் யார்ட்டயும் சொல்லல. உங்களுக்கு மெசேஜ் போனதும் அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அடுத்த கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் தேக்கரண்டியை நிறுத்திவிட்டாள். ஆறுமுகக்கனி அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கையை மட்டும் விட்டுவிட்டாள்.

"எழுத்துல இருக்கா?"

ஓவிய நோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். "தொரைப்பாண்டி!" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். மகன் வந்து நின்றான். முப்பது வயது, தூங்காத கண். தாளை அவனிடம் கொடுப்பாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து, தானே வாசித்தாள். "ஆ, று, மு, க, க், க, னி." மூச்சு விட்டாள். "நீ, ர்... இ, ற, ங், கி... வி, ட், ட, து." விரல் நகர்ந்தது. "வீ, டு... தி, ரு, ம், ப, லா, ம்."

தாளை மகனிடம் நீட்டினாள். "பாத்துக்கிட்டியாலே" என்றாள்.

அவன் வாசித்தான். மறுபடி வாசித்தான். என்னைப் பார்த்தான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் ஒதுங்கியிருக்க மாட்டேன். அவன் அம்மாவின் கட்டிலோரம் தரையில் குந்தி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். அவள் அவன் தலைமேல் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வைத்தாள்.

பிறகு என்னிடம், "நாளைக்குக் கூட்டம் இருக்குல்லா?" என்றாள்.

"இருக்கு."

"எங்கிட்டச் சொன்னதை அங்க வந்து சொல்லு. சத்தமாச் சொல்லு. நம்ம தெருப் பொம்பளைய எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

"சொல்லுதேன்."

"அழுதுக்கிட்டுச் சொல்லாத. வெளங்காது."

ஆஸ்பத்திரிப் படியில் நின்று சாருக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். பேச்சிமுத்து அண்ணாச்சிக்கும் செய்தேன். பேச எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார். ஆறுமுகக்கனியைப் பற்றி என்றேன். பத்து மணிக்கு வரச் சொன்னார்.

முதல் பஸ் ஏழே காலுக்கு. செல்வினும் வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.